கேள்வி கேட்கச் சம்பளம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து 500 கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. திரும்பும்போது அதே 500 கிலோ வராது. பருத்தியில் இயல்பாக இருக்கும் மெழுகும் அழுக்கும் ப்ளீச்சிங்கில் கழன்றுபோகும், எடை குறையும். இதைப் ‘பிராசஸ் லாஸ்’ என்பார்கள். எவ்வளவு குறையலாம்? முதலாளியைக் கேட்டால் நாலு சதவீதம் என்பார். அக்கவுண்ட்ஸ்காரர், ஆறு வரைக்கும் விட்டுவிடுவோம் என்பார். சாயப்பட்டறைக்காரர், வெள்ளைக்கு ஒரு கணக்கு, கருப்புக்கு ஒரு கணக்கு, பயோவாஷ் போட்டால் அது தனிக் கணக்கு என்பார். மூன்று பேருக்கும் பொதுவாக ஒரே மென்பொருள். அதில் ‘லாஸ்’ என்ற கட்டத்தில் என்ன எண் போடுவது?

அந்த எண்ணைத் தேடிப் போவதுதான் என் பிழைப்பு. விசிட்டிங் கார்டில் ‘சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்’ என்றிருக்கும். கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் ‘கம்ப்யூட்டர்ல வேலை’ என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் பந்தி முடிந்துவிடும். இந்தக் கட்டுரையில் பந்தி அவசரம் இல்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் அடிக்கடி விசாரிக்கிறார்கள்.

கோவையில் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு இ.ஆர்.பி. மென்பொருள் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். சில வருஷத்தில் கோடு எழுதும் மேஜையிலிருந்து, என்ன எழுத வேண்டும் என்று முடிவு செய்யும் மேஜைக்கு மாறினேன். மேஜை என்று சொன்னது பேச்சுக்குத்தான். பாதி நாள் யாரோ ஒருவருடைய ஸ்டோரில் துணி ரோல் மேல் உட்கார்ந்திருப்பேன்.

பனியன் தொழிலில் ஒரே கூரையின் கீழ் எல்லாம் நடப்பது அபூர்வம். நூல் ஓரிடம், நிட்டிங் வேறிடம், சாயம் இன்னொரு பட்டறை, பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், ஐயர்னிங், பேக்கிங். ஒவ்வொரு படி தாண்டும்போதும் சரக்கோடு ஒரு டி.சி., அதாவது டெலிவரி சலான், கூடவே போகும். நிட்டிங்குக்கு நூலாகக் கிலோவில் போனது துணியாகக் கிலோவில் வரும். கட்டிங்குக்குக் கிலோவில் போனது பீஸாக வரும். இந்த அளவு மாற்றங்களுக்கு நடுவில்தான் பணம் காணாமல் போகும். மென்பொருள் வேண்டும் என்று முதலாளிகள் கூப்பிடுவதும் இதற்காகத்தான்.

லாஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கம்பெனியில் மேனேஜர்களோடு மீட்டிங் முடிந்ததும், ஸ்டோரில் இன்வர்டு நோட்டைப் பார்க்கக் கேட்டேன். நோட்டை எழுதியவர் அங்கேயே தலை நரைத்தவர். எடைகள் எல்லாம் நீல மையில் வரிசையாக இருந்தன. சில எடைகளுக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலில் பொடியாக ‘கா’ என்றோ ‘மா’ என்றோ இருந்தது.

“இது என்னங்ணா?”

“அதுங்களா... காலையில எடை போட்டதா, மாலையில போட்டதான்னு ஒரு அடையாளமுங்க அம்மிணி.”

“எப்பப் போட்டா என்னங்ணா, எடை எடைதானுங்களே?”

“துணி காம்பாக்டிங்ல இருந்து சூடா வருதுங்க. அப்பவே தராசுல ஏத்துனா கம்மியாத்தான் காட்டும். ராத்திரி கிடந்துட்டு, காலையில வெச்சுப் பாருங்க, ஏறியிருக்கும். பட்டறைக்காரரு சண்டைக்கு வந்தா நான் எதை வெச்சுப் பேசறது?”

பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். முற்றிலும் உலர்ந்த பருத்தி 100 கிலோ என்றால் வழக்கமான நிலையில் அது எட்டரைக் கிலோ ஈரத்தை ஏற்கும் என்பது ஜவுளி வணிகம் ஒப்புக்கொண்ட கணக்கு. டெக்ஸ்டைல் படித்தவர்களுக்கு இது முதல் வருஷப் பாடம். ஆனால் மீட்டிங்கில் ஏ.சி. அறையில் இருந்த யாரும் அதை லாஸோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நாலா ஆறா என்று வருஷக்கணக்கில் நடந்த தகராறில் ஒரு பகுதி, சாயத்தால் வந்ததே அல்ல. எந்த நேரத்தில் தராசில் ஏற்றினார்கள் என்பதால் வந்தது. கடைசியில் ‘லாஸ்’ கட்டத்தில் ஒரே எண் போடவில்லை. நிறத்துக்கும் பிராசஸுக்கும் தனித்தனி அளவு வைத்தோம். எடை போட்ட நேரத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தோம். மறுநாள் எடையைத்தான் பில்லுக்கு எடுப்பது என்று இரு தரப்பையும் உட்கார வைத்து ஒப்புக்கொள்ள வைத்தோம். புரோகிராமருக்கு அது அரை நாள் வேலைகூட இல்லை. அந்த அரை நாள் வேலை எது என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை அலைச்சல்.

இந்தத் தொழிலின் பாடப் புத்தக முறை சுலபமாகச் சொல்லிவிடக் கூடியது. வேலை இப்போது எப்படி நடக்கிறது என்று பார், கேள், படிவங்களை அள்ளிக்கொண்டு வா. தகவல் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று படம் போடு. டேட்டா ஃபுளோ டயகிராம் என்ற அந்தப் படம் 1970-களின் பிற்பாதியில் டாம் டிமார்கோ, எட் யோர்டன் போன்றவர்களால் பரவியது. எந்தப் பொருளுக்கும் எந்தப் பொருளுக்கும் என்ன உறவு என்று காட்டும் ஈ.ஆர். டயகிராமை பீட்டர் சென் 1976-ல் எழுதிய கட்டுரை தந்தது. இரண்டையும் இன்றைக்கும் பயன்படுத்துகிறேன். பிறகு, இனிமேல் எப்படி நடக்க வேண்டும் என்று எழுது, சம்பந்தப்பட்டவர்களிடம் கையெழுத்து வாங்கு, புரோகிராமர்களுக்கு விளக்கு, செய்து வந்ததும், உபயோகிக்கப் போகிறவரையே உட்கார வைத்து ஓட்டிப் பார். எல்லாக் கல்லூரியிலும் சொல்லித் தருகிறார்கள். பென்சிலில் எழுதிய ‘கா’வைப் பார்க்கத்தான் பாடத்திட்டம் இல்லை.

இந்த உத்தியோகம் பிறந்தது ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் என்று நினைப்பார்கள். இல்லை, டீக்கடையில். பிரிட்டனில் ஜே. லயன்ஸ் என்ற கம்பெனி டீக்கடைகளும் பேக்கரிகளும் பெரிய அளவில் நடத்தியது. கடையில் போய்க் கம்ப்யூட்டர் வாங்க முடியாத காலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் இயந்திரத்தை மாதிரியாக வைத்துத் தாங்களே ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். லியோ என்று பெயர். 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போட ஆரம்பித்தது. ஒரு வியாபார நிறுவனத்தின் அன்றாட வேலையைக் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது அதுதான் முதல் முறை. அங்கே டேவிட் கேமினர் என்று ஒருவர் இருந்தார். அலுவலக வேலைகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய, கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அந்தக் கம்பெனி வைத்திருந்த பிரிவிலிருந்து வந்தவர். உலகின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

1954-ல் லியோவில் அவர்கள் செய்த ஒரு வேலையை என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்வேன். ஒவ்வொரு டீக்கடையும் மறுநாளைக்கு எத்தனை கேக், எத்தனை ரொட்டி வேண்டும் என்று தலைமையகத்துக்குச் சொல்ல வேண்டும். முழுப் பட்டியலைத் தினமும் வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் ஏற்றும் வேலையே விடியும்வரை நடக்கும். அதனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான ஆர்டரை முன்கூட்டியே உள்ளே வைத்துவிட்டார்கள். கடை மேற்பார்வை செய்யும் பெண், இன்றைக்கு அதில் என்ன மாற்றம் என்பதை மட்டும் போனில் சொன்னால் போதும். எதிர்முனையில் கேட்பவர் அப்படியே கார்டில் துளையிட்டு விடுவார். இயந்திரத்தின் வேகத்தை இதற்காக யாரும் கூட்டவில்லை. கடைக்காரப் பெண்ணின் தலைக்குள் ஏற்கெனவே ‘வழக்கம்போல’ என்று ஒன்று இருப்பதைக் கவனித்தார்கள், அவ்வளவுதான்.

தையல் லைன்களில் சூப்பர்வைசர் தினமும் ஒவ்வொரு டெய்லருக்கும் ஒன்றரை ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று தட்டிக்கொண்டிருந்த திரையை நாங்கள் மாற்றியதும் இந்த வழியில்தான். லைனுக்கு இன்று ஒன்றரை ஷிப்ட் என்று ஒரு முறை. வராதவர், முன்னால் கிளம்பியவர் மட்டும் தனியாக. சனிக்கிழமைச் சம்பளம் அதற்குப் பிறகு நேரத்துக்கு வந்தது.

சரி, கணக்கைத் தவறவிட்டால் என்ன ஆகும்? பனியன் கம்பெனியில் பணம் போகும். வேறு இடங்களில் அதைவிடப் பெரிய விலை. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, காகிதச் சீட்டுகளில் நடந்த தன் வேலையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது. எந்த ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும், அருகிலிருப்பதை அதுவே அனுப்பும் என்பது திட்டம். வண்டியில் இருப்பவர்கள் கிளம்பும்போது, சேரும்போது, நோயாளியை ஏற்றும்போது உரிய பட்டனைச் சரியான வரிசையில் அழுத்த வேண்டும். அவசரத்தில் அழுத்த மறந்தார்கள். ஒதுக்கிய வண்டியை விட்டுப் பக்கத்து வண்டியை எடுத்துப் போகும் பழக்கமும் அங்கே இருந்தது. சில பகுதிகளில் ரேடியோ எட்டவில்லை. கம்ப்யூட்டரோ தகவல் முழுதாகவும் துல்லியமாகவும் வரும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. தவறான இடத்தில் வண்டி நிற்பதாக நினைத்து, தவறான வண்டியை அனுப்பியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, பார்க்க வேண்டிய அழைப்புகள் திரையை விட்டு மேலே ஓடிப் போயின. வண்டி வராததால் ஜனங்கள் மறுபடி போன் செய்ய, நெரிசல் இன்னும் கூடியது. மறுநாளே பாதி வேலையைக் கைமுறைக்குத் திருப்பினார்கள்; தலைமை நிர்வாகி பதவி விலகினார்; நவம்பர் 4 அன்று அது மொத்தமாகவே நின்றுபோனது.

விசாரணை அறிக்கை 1993 பிப்ரவரியில் வெளிவந்தது. நவம்பர் 4-ல் நின்றதற்கு ஒரு சின்ன கோடிங் பிழை காரணம். ஆனால் அதற்கு முன்னால் நடந்த குளறுபடிக்குக் கோடு காரணம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு, ரத்தம் ஒழுகும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எந்த வரிசையில் பட்டன் அழுத்துவார் என்று யாராவது அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்த அறிக்கையை அனலிஸ்ட் ஆக விரும்புகிறவர்கள் ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பது என் கட்சி. எந்தச் சர்டிபிகேட் படிப்பையும்விட அதில் விஷயம் அதிகம்.

ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இல்லை. 2011 ஜனவரியில், நொய்யலில் சாயக்கழிவு கலந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. எங்கள் மென்பொருள் முழுக்க, சாயப்பட்டறை என்பது பக்கத்துத் தெருவில் இருப்பது என்ற எண்ணத்தில் எழுதியது. துணி திடீரென்று வெளியூருக்கும் வெளிமாநிலத்துக்கும் லாரியில் போக ஆரம்பித்தது. எங்களிடமும் இல்லை, பட்டறையிலும் இல்லை, நாலு நாளாக நெடுஞ்சாலையில் இருக்கிறது என்ற நிலையைச் சொல்ல மென்பொருளில் இடமே கிடையாது. ஸ்டாக் ரிப்போர்ட்டில் சரக்கு மாயமாகி, வங்கிக்குக் கணக்கு காட்ட முடியாமல் கம்பெனிகள் திண்டாடின. ‘வழியில் இருக்கும் சரக்கு’ என்று புதிதாக ஒரு வகையைச் சேர்த்தோம். பட்டறைகள் திறந்து எவ்வளவோ காலம் ஆகியும் அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

அடுத்தது 2017 ஜூலை 1, ஜி.எஸ்.டி. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கும் சட்டம். போனது, வந்தது, லாஸ் ஆனது எல்லாவற்றையும் ஐ.டி.சி.-04 என்ற படிவத்தில் காட்ட வேண்டும். அதுவரை டி.சி. என்றால் லாரி டிரைவர் சட்டைப் பையில் மடித்து வைக்கும் சீட்டு. அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு முடிவு காட்டியாக வேண்டும். அந்த ஜூன் மாதம் முழுக்க, மூடாமல் கிடந்த பழைய டி.சி.களை வைத்துக்கொண்டு முதலாளிகள் எங்களைத் தூங்க விடவில்லை. நிறத்துக்கு ஒரு லாஸ் என்று முன்பே பிரித்து வைத்திருந்த கம்பெனிகள் சுலபமாகத் தப்பித்தன.

இனி, பெற்றோர்கள் கேட்கும் பகுதி. என்ன படிக்க வேண்டும்? பி.சி.ஏ., பி.எஸ்.சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.இ. எதுவும் சரி. அதன் பிறகு எம்.சி.ஏ. என்றால் டான்செட் தேர்வு. முன்பு மூன்று வருஷமாக இருந்த எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டு வருஷம். பி.காம். படித்துக் கணக்குத் தெரிந்தவர்கள், எஸ்.க்யூ.எல். கற்றுக்கொண்டு வந்து என்னைவிட நன்றாக இந்த வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். படித்து முடித்த கையோடு அனலிஸ்ட் வேலை கிடைப்பது கடினம். புரோகிராமராகவோ டெஸ்டராகவோ, மென்பொருளை ஊர் ஊராகப் போய் நிறுவிக் கற்றுக்கொடுக்கும் இம்ப்ளிமெண்டேஷன் ஆளாகவோ நுழைந்துதான் மாற வேண்டும். மூன்றில் கடைசி வழிதான் நல்ல வழி என்பேன். பயனாளியின் திட்டை நேரில் வாங்காதவர் நல்ல அனலிஸ்ட் ஆவதில்லை.

பெரிய ஐ.டி. கம்பெனிகளில் இதே வேலையைப் பிசினஸ் அனலிஸ்ட், ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்று வேறு வேறு பெயர்களில் பிரித்து வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் பெயரைப் பார்க்காமல், வேலை விவரத்தைப் படிக்க வேண்டும். அரசிலும் இடம் உண்டு: டி.என்.பி.எஸ்.சி. உதவி சிஸ்டம் அனலிஸ்ட் பணிக்குத் தேர்வு நடத்தியிருக்கிறது. எச்-1பி விசாவில் அமெரிக்கா போன நம் ஊர்க்காரர்கள் பலருடைய தாள்களில் தொழில் வகை ‘கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்’ என்றே இருக்கும். அந்நாட்டுத் தொழில் பட்டியலில் இதன் எண் 15-1211. அங்கே இந்த வேலையில் பாதிப் பேர் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். இங்கே முதல் சில வருஷம் புரோகிராமர் சம்பளம்தான்; ஒரு தொழிலை, வங்கியோ காப்பீடோ ஜவுளியோ, உள்ளே புகுந்து தெரிந்துகொண்ட பிறகுதான் ஏறும். சர்டிபிகேட் வேண்டுமென்றால் ஐ.ஐ.பி.ஏ. என்ற சர்வதேச அமைப்பு தருகிறது. புதியவர்களுக்கு ஈ.சி.பி.ஏ.; சி.பி.ஏ.பி. எழுத 7,500 மணி நேர அனுபவம் கேட்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு உதவும். திருப்பூரில் அதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

கஷ்டம் எதில் என்றால், மனுஷர்களிடம்தான். மெர்ச்சண்டைசருக்கு ஒரு மாதிரி வேண்டும், புரொடக்‌ஷன் மேனேஜருக்கு நேர் எதிராக வேண்டும். இரண்டு பேரும் உங்களிடம் தனித்தனியாகச் சொல்லிவிட்டு, மீட்டிங்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மௌனமாக இருப்பார்கள். நோட்டுப் போட்டு எழுதுகிறவருக்கு, இந்தப் பொண்ணு வந்தது நம்ம வேலையைப் பிடுங்கத்தான் என்ற பயம். சில சமயம் அந்தப் பயம் நியாயமானது. அப்போது பொய் சொல்லி விவரம் கறக்கக்கூடாது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்லிவிடுவேன். அதனால் சில கதவுகள் மூடியும் இருக்கின்றன.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே என்பார்கள். மீட்டிங் குறிப்பைச் சுருக்க, டெஸ்ட் கேஸ் எழுத நானும் பயன்படுத்துகிறேன். எரிச்சல் என்னவென்றால், ஜூனியர்கள் அதை வைத்து நாற்பது பக்க ரெக்வயர்மென்ட் டாகுமென்ட் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். உலகத்தில் எந்தப் பனியன் கம்பெனிக்கும் பொருந்தும். அதனால் இந்தக் கம்பெனிக்குப் பொருந்தாது. அவர்களைத் திருப்பி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவேன்.

ஆள் எடுக்கும்போது நான் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. “ஒரு கல்யாண மண்டபத்துக்கு புக்கிங் மென்பொருள் வேணும். நான்தான் மண்டப ஓனர். உங்களுக்கு என்ன தெரியணுமோ கேளுங்க.” முக்கால்வாசிப் பேர் கேட்காமலேயே காகிதத்தை இழுத்து, வாடிக்கையாளர், தேதி, அட்வான்ஸ் என்று கட்டம் போட ஆரம்பிப்பார்கள். சென்ற முறை உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் பேனாவைத் தொடவில்லை.

“மேடம், கல்யாணம் காலையில முகூர்த்தம்னாலும் முதல் நாள் சாயங்காலமே வந்துடுவாங்களே? அப்ப உங்க மண்டபத்துல ஒரு நாள்னா எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும்ங்க?”

சொன்னேன். அடுத்தது, அன்றைக்கு மத்தியானம் காலி செய்துவிட்டுப் போனால் சாயங்காலம் இன்னொரு பார்ட்டிக்கு ரிசப்ஷனுக்கு விடுவீர்களா என்றாள். பிறகு கரண்ட்டுக்கு மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவீர்களா, ஆடியில் வாடகை குறைப்பீர்களா, தேதி குறிக்காமலே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஜோசியரைப் பார்க்கப் போகிறவர்களை எப்படி எழுதி வைப்பீர்கள் என்று போய்க்கொண்டே இருந்தாள். பதில் சொல்லித் தண்ணீர் குடிக்க வேண்டியதாகிவிட்டது எனக்கு.

அவளை அனலிஸ்ட் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். அதே நாள் வந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் மிக அழகாகக் கட்டம் போட்டுக் காட்டிய பையனையும் விடவில்லை. அவன் எங்களிடம் புரோகிராமராக இருக்கிறான். அவள் எழுதிக் கொடுப்பதை அவன் செய்கிறான். மாசத்துக்கு இரண்டு முறையாவது இரண்டு பேருக்கும் சண்டை.